நைல் கப்பல் பயணம்: அறை எடுக்கும் முன்

எகிப்தின் லக்சர் நகரில் ஏறி அஸ்வான் நகரில் இறங்கினால் பெரும்பாலும் 4 இரவுகள்; எதிர்த்திசையில் 3. நாள் இருந்தால் நான்கையே எடுங்கள். வழியில் எஸ்னா என்ற ஊரில் நீர்மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும் மதகு இருக்கிறது. அங்கே வரிசை நீண்டால், எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்களுக்கான நேரம்தான் குறையும்.

அறையை மேல்தளத்தில், முன்பாதியில் கேளுங்கள். பின்பக்கம் இயந்திர இரைச்சல்; கீழ்த்தளத்தில் சன்னல் தண்ணீரை ஒட்டியிருக்கும். ஆனால் துறையில் கப்பல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டுவார்கள். அப்போது நல்ல அறையிலிருந்தும் அடுத்த கப்பலின் சுவர்தான் தெரியும். ஆற்றை ரசிக்க மொட்டைத்தளமே சரி. அஸ்வான் நோக்கிப் போகையில் சூரியன் வலப்பக்கம் மறையும். அந்தப் பக்க நாற்காலியை முன்கூட்டியே பிடியுங்கள்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜனவரி இரவுகளுக்கு ஸ்வெட்டர் அவசியம்.