எலாஸ்டிக்சர்ச்சில் உள்ளே வரும் பதிவோடு கூடுதல் விவரத்தைச் சேர்ப்பது எப்படி?

எலாஸ்டிக்சர்ச் என்பது தரவைச் சேமித்துத் தேட உதவும் மென்பொருள். ஒரு கட்டடம் முழுக்க வெப்பநிலை அளக்கும் சென்சார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு பதிவு வருகிறது: சென்சார் எண் ஏ-104, வெப்பநிலை 31.5. அவ்வளவுதான். அந்த ஏ-104 எந்தத் தளத்தில், எந்த அறையில் மாட்டியிருக்கிறது என்பது பதிவில் இல்லை. அந்த விவரம் இன்னொரு இண்டெக்ஸில் (எலாஸ்டிக்சர்ச்சில் தரவைச் சேர்த்துவைக்கும் தொகுப்பு) தனியாகக் கிடக்கிறது. மூன்றாம் தளத்தில் சூடு ஏறுகிறதா என்று டாஷ்போர்டில் பார்க்க நினைத்தால் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

பதிவு உள்ளே நுழையும்போதே தளத்தையும் அறையையும் அதோடு ஒட்டிவிட்டால் அப்புறம் தேடுவது சுலபம். இந்த வேலைக்காகவே எலாஸ்டிக்சர்ச்சின் 7.5 பதிப்பில் எனரிச் ப்ராசசர் வந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் கிபானா (எலாஸ்டிக்சர்ச்சை உலாவியில் கையாள உதவும் இடைமுகம்) திரையிலேயே இதைச் செய்து பழகலாம்.

படி 1: விவர இண்டெக்ஸ்

சென்சார் எண், தளம், அறை மூன்றும் கொண்ட ஒரு இண்டெக்ஸ் வேண்டும். ஒரு சென்சாருக்கு ஒரு ஆவணம் போதும். சென்சார் எண்ணை கீவேர்ட் வகையில் (சொல் சொல்லாகப் பிரிக்காமல் முழுதாக அப்படியே வைக்கும் வகை) வையுங்கள்.

படி 2: எனரிச் பாலிசி

எதைப் பார்த்து எதை எடுக்க வேண்டும் என்று சொல்லும் விதி இது. வகை 'மேட்ச்'. மூல இண்டெக்ஸ், நாம் மேலே உருவாக்கியது. பொருத்திப் பார்க்கும் ஃபீல்ட், சென்சார் எண். எடுத்துவர வேண்டியவை, தளமும் அறையும். நிதானமாக நிரப்புங்கள், ஒருமுறை உருவாக்கிய பாலிசியைத் திருத்த முடியாது. மாற்ற வேண்டுமென்றால் புதிதாக ஒன்றை உருவாக்கி, பைப்லைனை (பதிவு சேமிக்கப்படும் முன் கடந்துபோகும் வேலைகளின் வரிசை, அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு ப்ராசசர்) அதற்குத் திருப்பிவிட வேண்டும்.

படி 3: பாலிசியை இயக்குவது

பாலிசியை உருவாக்கினால் மட்டும் போதாது, இயக்கவும் வேண்டும். இயக்கியதும் எலாஸ்டிக்சர்ச் மூல இண்டெக்ஸிலிருந்து தேவையானவற்றை நகலெடுத்து, எனரிச் இண்டெக்ஸ் என்று தனியாக ஒன்றை உருவாக்கும். அது படிக்க மட்டுமே. உள்ளே வரும் ஒவ்வொரு பதிவுக்கும் தேடல் நடப்பது இந்த நகலில்தான், மூலத்தில் இல்லை. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் வராது.

எனக்கு அது பட்டுத்தான் புரிந்தது. ஒரு வேலையில் 12 சென்சார்களைப் புதிதாகச் சேர்த்து, விவர இண்டெக்ஸிலும் சரியாக ஏற்றிவிட்டேன். ஆனால் அந்த 12-க்கு மட்டும் தளம் காலியாகவே வந்துகொண்டிருந்தது. பைப்லைனைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் அரை நாள் போனது. பாலிசியை மறுபடி இயக்கவில்லை, அதுதான் காரணம். மூலத்தில் என்ன மாற்றினாலும் பாலிசியை மீண்டும் இயக்கினால்தான் நகல் புதுப்பிக்கப்படும். மூலம் தினமும் மாறுமென்றால் இதை ஒரு கிரான் வேலையாக, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி, போட்டுவிடுங்கள். நொடிக்கு நொடி மாறும் தரவுக்கு இந்த முறையே வேண்டாம்.

படி 4: பைப்லைன்

புதிய இன்ஜெஸ்ட் பைப்லைன் ஒன்றைத் தொடங்கி, அதில் எனரிச் ப்ராசசரைச் சேருங்கள். பாலிசியின் பெயர், வரும் பதிவில் சென்சார் எண் இருக்கும் ஃபீல்டின் பெயர், விவரம் போய் உட்கார வேண்டிய இலக்கு ஃபீல்ட் என்று மூன்று கேட்கும். இலக்குக்கு 'இடம்' என்று பெயர் வைப்போம்.

சேமிக்கும் முன் அதே பக்கத்தில் ஒரு சோதனைப் பதிவு கொடுத்துப் பாருங்கள். ஏ-104, 31.5 என்று உள்ளே போனது, வெளியே வரும்போது 'இடம்' என்ற ஃபீல்டையும் சுமந்து வரும். அதற்குள் தளம் 3, அறை 12, கூடவே சென்சார் எண்ணும் இருக்கும்.

'இடம்' வரவே இல்லையா? பெரும்பாலும் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்று அர்த்தம். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதும், கடைசியில் ஒட்டியிருக்கும் ஒரு இடைவெளியும்கூட இங்கே கணக்கு. பொருத்தம் கிடைக்காவிட்டால் பிழை எதுவும் வராது, பதிவு அப்படியே கடந்து போய்விடும். அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. எனரிச்சுக்கு முன்னால் டிரிம், அப்பர்கேஸ் ப்ராசசர்களைப் போட்டு, மூலத்திலும் எண்களைப் பெரிய எழுத்திலேயே வைத்துவிடுங்கள். சென்சார் எண் என்ற ஃபீல்டே இல்லாத பதிவு வந்தால் நிலைமை வேறு, அப்போது பிழை வரும். இந்த மூன்று ப்ராசசர்களிலும் 'இக்னோர் மிஸ்ஸிங்' தேர்வை இயக்கிவைத்தால் தப்பிக்கலாம்.

படி 5: இண்டெக்ஸோடு இணைப்பது

பதிவுகள் சேரும் இண்டெக்ஸின் அமைப்புகளில் இந்த பைப்லைனை 'டீஃபால்ட் பைப்லைன்' ஆக வைத்தால், அனுப்புகிற பக்கம் எதையும் மாற்ற வேண்டாம்.

இனி வரும் பதிவுகளுக்கு மட்டும்தான் இது வேலை செய்யும். ஏற்கெனவே உள்ளே கிடப்பவற்றுக்கும் வேண்டுமென்றால், பைப்லைன் பெயரைக் கொடுத்து 'அப்டேட் பை க்வெரி' ஓட்டுங்கள். முதலில் ஒரே ஒரு நாளின் பதிவுகளுக்கு மட்டும் ஓட்டி, ஏ-104-ஐத் தேடிப் பார்த்து, 'இடம்' சரியாக ஒட்டியிருந்தால் மிச்சத்தையும் ஓட்டலாம்.