ஆஃப்ரோ முடி உள்ள குழந்தைக்குத் தலை வாருவது எப்படி

முதலில் சீப்பைக் கீழே வையுங்கள். காய்ந்த தலையில் உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக வாரி, எண்ணெய் தடவிப் படிய வைத்து, இறுக்கிப் பின்னி ரிப்பன் கட்டுவது என்று நம் வீடுகளில் கைப்பழக்கமாகவே வருகிற எதுவும், ஆப்பிரிக்க வம்சத்தவருக்கு இருக்கும் நெருக்கமான சுருட்டை முடியான ஆஃப்ரோ முடிக்கு ஆகாது. நான் மதுரைக்காரி, கணவர் குடும்பம் கானாவின் குமாசியிலிருந்து வந்தது, இருப்பது லண்டனில். மகளின் தலையில் இரண்டு வருடம் எல்லாவற்றையும் தவறாகச் செய்த பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன். அவளுக்குப் பின்கழுத்துப் பக்கம் முடி வளரவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மாமியார் குளியலறைத் தரையில் கிடந்த துண்டு முடிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தானாக உதிர்ந்த முடி என்றால் ஒரு முனையில் வெள்ளையாகக் குட்டிக் குமிழ் இருக்கும், இதில் ஒன்றில்கூட இல்லை பார், எல்லாம் ஒடிந்தது என்றார். அதாவது முடி வளர்ந்துகொண்டுதான் இருந்தது, வளர்ந்த அளவுக்கு நான் சீப்பால் ஒடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த முடியின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நம்மில் பலருக்கு இருக்கும் கோரை முடி ஏறக்குறைய உருண்டை இழை. ஆஃப்ரோ முடி தட்டையான இழை, தோலுக்குள்ளேயே வேர் வளைந்திருப்பதால் வெளியே வரும்போதே ஸ்பிரிங் போலச் சுருண்டு வருகிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் கோரை முடியில் வழுக்கிக்கொண்டு நுனி வரை இறங்கிவிடும், இந்தச் சுருளில் இறங்காது. அதனால் வேரில் பிசுக்கு இருந்தாலும் நுனி வறண்டே இருக்கும். ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம், இழுத்தால் அங்கேதான் ஒடியும். இன்னொன்று, ஈரமாக இழுத்துப் பிடித்தால் தோளைத் தொடுகிற முடி காய்ந்ததும் காதோரத்துக்குச் சுருங்கி நிற்கும். பார்க்கும் நீளத்தை வைத்து முடி குட்டை என்று சொல்லிவிடாதீர்கள்.

கடைகளில் முடியின் சுருள் வகையைக் குறிக்க 4ஏ, 4பி, 4சி என்று எழுதியிருக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990களில் கொண்டுவந்த வகைப்பாட்டிலிருந்து வளர்ந்தது அது. ஒரு அடையாளத்துக்கு உதவும், அவ்வளவுதான். என் மகளுக்கு உச்சியில் ஒரு வகை, பிடரியில் வேறு வகை.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. செடிக்குத் தெளிப்பது போன்ற ஒரு ஸ்ப்ரே பாட்டில், அகலப் பல் சீப்பு, நாலைந்து பெரிய கிளிப், சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, கையில் வழுக்குகிற அளவுக்குக் குழைவான கண்டிஷனர், ஷியா பட்டர், இரவுக்கு ஒரு சாட்டின் தொப்பி. லண்டனில் என்றால் பெக்கமிலோ டால்ஸ்டனின் ரிட்லி ரோடு சந்தையிலோ எல்லாம் கிடைக்கும். ஷியா பட்டரை மட்டும் வாசனை சேர்க்காத, சுத்திகரிக்காத கட்டியாக வாங்குங்கள். வட கானாவில் பெண்கள் ஷியா கொட்டையை வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கையாலேயே கடைந்து எடுப்பது அது. நாம் வெண்ணெய் கடைவது போலத்தான். பேன் சீப்பு இந்தப் பட்டியலில் எந்தக் காலத்திலும் வராது.

சரி, தலைக்குக் குளிப்பாட்டும் நாள். வாரத்துக்கு ஒரு முறை போதும், பத்து நாள் ஆனாலும் பரவாயில்லை, ஆனால் அன்றைக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். அவசர அவசரமாகச் செய்வதாக இருந்தால் அன்றைக்குச் செய்யவே வேண்டாம். குழந்தைக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து, பிடித்த கார்ட்டூனைப் போட்டு உட்கார வையுங்கள். தலையை நான்கு கட்டமாக வகிடு பிரித்து, மூன்றைச் சுருட்டிக் கிளிப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுங்கள். தண்ணீர் தெளித்து நன்றாக நனைக்க வேண்டும், பிறகு கண்டிஷனரை தாராளமாக, கை வழுக்கும் வரை பூச வேண்டும். இப்போது விரலால் சிக்கெடுக்க வேண்டும், சீப்பு இன்னும் வேண்டாம். நுனியில் ஓர் அங்குலத்தில் ஆரம்பித்து, அது விட்ட பிறகு அதற்கு மேல் ஓர் அங்குலம், அப்படியே வேர் வரை போக வேண்டும். ஒரு முடிச்சில் விரல் நின்றால் இழுக்காதீர்கள், அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கண்டிஷனர் வைத்துப் பக்கவாட்டில் பிரித்தால் இழை இழையாக விடும், அந்த நெகிழ்வு விரலுக்கே தெரியும். விரலுக்குப் பிறகுதான் அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து, மறு கையால் வேர்ப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு. அப்படிப் பிடித்தால் இழுப்பு தலைத்தோலுக்குப் போகாது, குழந்தை அழாது. என் மகள் அழுவாள் என்பதால்தான் நான் அவசரப்பட்டேன், நான் அவசரப்பட்டதால்தான் அவள் அழுதாள்.

சிக்கெடுத்த கட்டத்தைத் தளர்வாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். நான்கும் முடிந்ததும் முறுக்கு பிரியாமலே ஷாம்பு போடலாம், தலைத்தோலை விரல் நுனியால் தேய்த்தால் போதும், முடியையெல்லாம் உச்சியில் குவித்துக் கசக்கினால் எடுத்த சிக்கு திரும்ப விழும். அப்புறம் மறுபடி கண்டிஷனர், பிளாஸ்டிக் தொப்பி போட்டு இருபது நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். துவட்ட பழைய பருத்தி பனியன் நல்லது, துண்டின் நூல் முடியைப் பிடித்து இழுக்கும்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஆட்கள் எல்லாரும் தவறுகிற ஓர் இடம் இருக்கிறது. முடி வறண்டிருந்தால் நமக்கு உடனே எண்ணெய்க் கிண்ணம்தான் ஞாபகம் வரும். எண்ணெய் ஈரம் தராது, உள்ளே இருக்கும் ஈரம் போகாமல் மூடி வைக்கும். காய்ந்த முடியில் எண்ணெய் தடவினால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறீர்கள். எனவே எப்போதும் தண்ணீர் முதலில், அடுத்து எண்ணெய், அதன்மேல் ஷியா பட்டர் போன்ற கெட்டியான ஒன்று. தேங்காயெண்ணெய் முடியின் புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்று 2003இல் வந்த ஆய்விலேயே காட்டியிருக்கிறார்கள், ஆனால் சிலரின் ஆஃப்ரோ முடி அதில் விறைத்துப் போகும். என் மகளுக்கு அப்படித்தான், அதனால் தலை அலசுவதற்கு முன் மட்டும் தடவுகிறேன். ஜமைக்காக்காரர்கள் கொட்டையை வறுத்து எடுக்கும் கறுப்பு விளக்கெண்ணெய் தலையோரத்து முடிக்கு நன்றாக இருக்கிறது.

அடுத்து என்ன அலங்காரம் என்பது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இரண்டு கால் முறுக்கு, அதாவது டூ ஸ்ட்ராண்ட் ட்விஸ்ட், கயிறு முறுக்கத் தெரிந்தால் வந்துவிடும். நாலைந்து நாள் அப்படியே இருக்கும், பிறகு பிரித்துவிட்டால் அலையலையாக விரிந்து நிற்கும், அது இரண்டாவது அலங்காரம். தலையோடு ஒட்டி வரிவரியாகப் போகும் கார்ன்ரோவுக்குப் பழகிய கை வேண்டும், எனக்கு இன்னும் நேர்வரி மட்டும்தான் வரும். தலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துத் தனித்தனியாகப் பின்னும் பாக்ஸ் பிரெய்டுக்கு நீளமும் கனமும் கூட்ட வெளிமுடி சேர்ப்பார்கள், பெரும்பாலும் செயற்கை நார்தான். மனித முடியும் விற்கிறது. பெக்கம் கடையில் தொங்கும் பொட்டலத்தில் இந்திய முடி என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பழனியும் திருப்பதியும் ஞாபகம் வந்தன. அங்கே நாம் மொட்டை போட்டு இறக்கும் முடியைத் தேவஸ்தானங்கள் ஏலம் விடுகின்றன, அது பொய்முடியும் சவுரியுமாக உலகம் முழுக்கப் போகிறது, வாங்குபவர்களில் கறுப்பினப் பெண்கள் பெரும் பங்கு. குழந்தைக்கு எதையும் சேர்க்காதீர்கள், அவள் முடியே போதும், கனம் வேரை இழுக்கும்.

எந்தப் பின்னலானாலும் இறுக்கம்தான் எதிரி. பின்னி முடித்ததும் நெற்றித் தோல் மேலே இழுத்தபடி இருந்தாலோ, வேரில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தாலோ, குழந்தை தலை வலிக்கிறது என்றாலோ அப்போதே பிரித்துவிடுங்கள், கொடுத்த காசைப் பார்க்காதீர்கள். வருடக்கணக்கில் இழுபட்டால் நெற்றியோரம் வழுக்கை விழும், ஓர் அளவைத் தாண்டினால் திரும்ப முளைக்காது. பெரியவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம், குழந்தைக்கு இரண்டு மூன்று வாரம், அதற்கு மேல் ஒரு பின்னலும் இருக்கக் கூடாது. பிரிக்கும்போது வேரில் அழுக்கும் தூசியும் சேர்ந்து ஒரு வளையமாக நிற்கும், அதை விரலால் எடுத்த பிறகே தலையை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் சடை பிடித்துவிடும். கைநிறைய முடி வரும், பயப்படாதீர்கள், தினம் உதிர வேண்டியது இத்தனை நாள் பின்னலுக்குள் தங்கியிருந்தது.

ரசாயனம் வைத்து நேராக்குவது பற்றி உறவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த ரிலாக்ஸர் முடியின் உள்ளே இருக்கும் பிணைப்புகளையே உடைத்துத்தான் நேராக்குகிறது, தலைத்தோலையும் சுடும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் சுமார் 33,500 பெண்களைப் பதினோரு வருடத்துக்கு நெருக்கமாகத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், நேராக்கும் ரசாயனத்தை ஒரு வருடத்தில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.05 சதவீதம், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம் என்று கணக்கிட்டிருந்தார்கள். இன்னதுதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் வளர்ந்த பெண் தன் தலைக்குத் தானே முடிவெடுக்கட்டும், சிறு பிள்ளையின் தலையில் நான் அதை வைக்க மாட்டேன்.

இனி வாயைப் பற்றி. கையைவிட வாய்தான் அதிகம் ஒடிக்கிறது. வீடியோ காலில் என் அம்மா ஒருநாள், ஏண்டி புள்ளைக்குத் தலைய வாரிவிட மாட்டியா, பரட்டையா கெடக்கு என்றார். பாசத்தில் சொன்னதுதான். அன்று இரவு மகள் கண்ணாடி முன் நின்று இரண்டு உள்ளங்கையாலும் முடியை அழுத்திக்கொண்டிருந்தாள். பரட்டை என்ற சொல்லை அன்றோடு எங்கள் வீட்டில் நிறுத்தினேன், அம்மாவிடமும் நேராகச் சொன்னேன். மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் தன் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார். கானாவில் பல பள்ளிகளில் பெண் பிள்ளைகள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும், காலனிக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். தன் முடி எப்படி வளரும் என்பதே படிப்பு முடியும் வரை அவருக்குத் தெரியாதாம்.

இப்படிப்பட்ட பேச்சு வெளியிலிருந்தும் வரும். மகளின் பள்ளியிலிருந்து முடியை ஒழுங்காகக் கட்டி அனுப்பச் சொல்லி எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அன்று அவள் முடி இயல்பாக விரிந்திருந்தது, அவ்வளவுதான். அப்படி வந்தால் சும்மா இருக்காதீர்கள், எழுத்தில் பதில் கொடுங்கள். கார்ன்ரோவுக்குத் தடை போட்ட ஒரு பள்ளி இனப் பாகுபாடு காட்டியது என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2011இலேயே தீர்ப்பளித்திருக்கிறது, ஆஃப்ரோ முடியைத் தடுக்கும் விதிகள் பற்றி சமத்துவ ஆணையம் 2022 அக்டோபரில் பள்ளிகளுக்கு வழிகாட்டுதலும் கொடுத்திருக்கிறது. இரண்டையும் குறிப்பிட்டேன், மறு கடிதம் வரவில்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள் உங்கள் மாநிலத்தில், முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கிரவுன் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், 2019இல் கலிஃபோர்னியா முதலில் கொண்டுவந்தது, இப்போது இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. பேருந்தில் கேட்காமல் தலையைத் தொட வருபவர்களிடம், தொடாதீர்கள் என்று சொல்ல மகளுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அவள் சொல்லும்போது நானும் பக்கத்தில் நின்று அதையே சொல்வேன்.

ஊருக்குப் போவதாக இருந்தால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கார்ன்ரோ போட்டுவிடுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் இந்த முடியை நார் போல ஆக்கும், கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிமார் தலை வாரிவிட ஆசைப்படுவார்கள், தடுக்காதீர்கள், சீப்புக்குப் பதில் ஸ்ப்ரே பாட்டிலைக் கையில் கொடுங்கள். போன முறை என் அம்மா வராந்தாவில் பேத்தியை முன்னால் உட்கார வைத்து, நாலில் ஒரு கட்டத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, தண்ணீர் தெளித்து, நுனியிலிருந்து ஆரம்பித்தார். அந்த ஒரு கட்டத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது.