மாநிறத் தோலுக்கு லேசர்: போகும் முன் கேட்க வேண்டியவை

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு தோல் கிளினிக்கில் லேசர் மெஷினை இயக்குவது என் வேலை. வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சிட்டிங்க்கா, எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நீங்கள் முதலில் லேசர் ஒளியின் அலைநீளத்தைக் கேளுங்கள்; ஒளி தோலில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது அதைப் பொறுத்தது.

முடி நீக்கும் லேசர் மெலனின் என்ற கறுப்பு நிறமியைத் தேடிப் போகும். முடியில் உள்ள மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகி வேரைச் சிதைக்கும். அதே மெலனின் நம் தோலிலும் இருக்கிறதே, அங்கேதான் வம்பு. 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்ஸாண்ட்ரைட் லேசர் வெளுத்த தோலுக்கு நல்லது. நம் நிறத்தில் மேல்தோல் சுட்டு, கறுப்புத் தழும்பு விழ வாய்ப்பு அதிகம். 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் ஆழமாக இறங்கும், மேல்தோலை அவ்வளவாகச் சீண்டாது. 810 டயோடு லேசர் இரண்டுக்கும் நடுவில்; செட்டிங் தெரிந்தவர் கையில் இருந்தால் சரி. எதுவானாலும் தாடையோரம் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிக்கு வருகிறவர்கள் நாலு வாரத்துக்கு த்ரெடிங், வாக்ஸிங் இரண்டையும் நிறுத்த வேண்டும். வேரோடு பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்? முந்தின நாள் ரேஸரால் மழித்துவிட்டு வாருங்கள். "மழிச்சா தாடி மாதிரி மொத்தமா முளைக்குமாம்லா?" என்று கூட வருகிற ஆச்சிகள் பதறுவார்கள். முளைக்காது. சுடும்போது ரப்பர் பேண்டைச் சுண்டி விட்டது போலச் சுருக்கென்று இருக்கும், முடி கருகும் வாடையும் வரும். பயப்பட ஒன்றுமில்லை. நரைத்த முடிக்கு லேசர் வேலை செய்யாது. தாடையில் கனத்த முடியோடு மாதவிடாயும் தள்ளிப் போகிறதென்றால், முதலில் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கவனிக்காமல் சிட்டிங் எடுத்தால் புதுமுடி வந்துகொண்டே இருக்கும்.

முகத்தில் கருந்திட்டாகப் படரும் மங்கு வேறு கதை. "கல்யாணத்துக்கு ஒரு மாசந்தான் இருக்கு, லேசர்ல எடுத்துருங்க" என்பார்கள். எடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. சூடு பட்டால் மங்கு இன்னும் கறுக்கலாம், குறைந்தாலும் திரும்பி வரும். சன்ஸ்கிரீனும் டாக்டர் எழுதும் கிரீமும்தான் முதல் வைத்தியம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் பூசுகிற 'வெள்ளை கிரீம்' பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அதைப் பூசியிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பருத்தழும்புக் குழிகளுக்கான ஃப்ராக்ஷனல் சிஓ2 லேசர் தோலிலுள்ள தண்ணீரைச் சூடாக்குவது. ஒரு வாரம் முகம் சிவந்து பொருக்கு உதிரும். அந்த வாரத்தில் விசேஷ வீடு வேண்டாம்.

ஆனித் தேரோட்டத்தில் நாள் முழுக்க வெயிலில் வடம் பிடித்துவிட்டு, மறுநாளே சிட்டிங்குக்கு வந்து நிற்பவர்கள் உண்டு. வெயிலில் கறுத்த தோலில் லேசர் போடவே கூடாது, தேதியைத் தள்ளிப் போடுங்கள். குற்றாலச் சாரலுக்குப் போனாலும் சன்ஸ்கிரீன் வேண்டும். மேகத்தைத் தாண்டியும் புற ஊதாக் கதிர் வரத்தான் செய்யும்.

சிட்டிங் முடிந்த பின் லேசான சிவப்பு சகஜம். கொப்புளம் வந்தால் மஞ்சளும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். ஒன்றும் பூசாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.