புகை கழுவும் தொட்டியில் ஊசித்துளை: என் அனுபவம்

குளச்சல் அருகே ஒரு முந்திரி ஆலை. கொதிகலன் புகையைக் கழுவும் தொட்டி ஒழுகத் தொடங்கியது. 304 என்ற வகை எவர்சில்வர் தகடு. பளபளப்பு அப்படியே இருக்க, ஊசிமுனை அளவில் துளைகள். அமிலம்தான் காரணம் என்று சுண்ணாம்பைக் கூட்டினேன். பிஹெச் 7ஐத் தாண்டி, அமிலம் முறிந்த பிறகும் ஒழுகியது. பற்றவைத்தால் பக்கத்திலேயே புதுத் துளை. இப்படியே எட்டு நாள் வீண்.

ஒன்பதாம் நாள் அடியில் படிந்த சாம்பல் பொருக்கைச் சுரண்டினேன். துளைகள் அத்தனையும் அதற்கு அடியில்தான். திறந்த பரப்பில் ஒன்றுகூட இல்லை. காய்ந்த பொருக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கடலோரக் கிணற்று நீரே சுழன்று ஆவியாக, உப்பிலுள்ள, எவர்சில்வரைத் துளைக்கும் குளோரைடு செறிந்துகொண்டே போயிருக்கிறது. சுண்ணாம்பு அமிலத்தை முறிக்கும், குளோரைடை அல்ல.

நன்னீருக்கு மாறினோம், தினமும் கால்பங்கு நீரை மாற்றிப் பொருக்கையும் கழுவுகிறோம். அடித்தகடு இப்போது 2205 டூப்ளெக்ஸ் என்ற வேறு வகை எவர்சில்வர். குளோரைடைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் அதில் சுமார் 3 சதவீதம். ஐந்து மாதமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை, நிம்மதி.