பின்னாடி என்ன சத்தம்?

வெளிநாட்டுக்குக் குடிவந்ததும் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வாடகை ஒப்பந்தம் என்று முதல் மாதம் ஓடிவிடும். எல்லாம் அடங்கிய பிறகு ஒரு நாள் இரவு பாத்திரங்களை மெஷினில் அடுக்கிவிட்டு சோபாவில் சாய்வீர்கள். அம்மா வீடியோ காலில் வருவார். "பின்னாடி என்ன சத்தம்?" என்பார். "ஒன்றுமில்லையம்மா" என்று சொல்லிவிடுவீர்கள்.

நானும் அப்படித்தான் சொன்னேன். எங்களிடம் டிஷ்வாஷர் இருப்பது ஏறக்குறைய ஒரு வருடம் அம்மாவுக்குத் தெரியாது. இரவு வேலை முடிந்து வந்து குழாயைத் திறந்தால் உடனே வெந்நீர் வரும். அந்த நிமிடம் கண் கலங்கும் அளவுக்கு சுகமாக இருக்கும். கூடவே, சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெடித்த அம்மாவின் விரல் நுனிகள் ஞாபகம் வந்து உறுத்தும். இரண்டும் சேர்ந்தேதான் வரும். உங்களுக்கும் வந்தால், ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

முதலில், மறைக்காதீர்கள். ஒருநாள் போனைத் திருப்பி மெஷின் கதவைத் திறந்து காட்டினேன். ஆவி அடித்து கேமரா மங்கிப்போனது. அம்மா வருத்தப்படுவார் என்று பயந்திருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அடிப்பிடித்த பாத்திரம் போகுமா?" போகாது என்றேன். "அப்புறம் அது என்ன மெஷின்!"

உறுத்தலைத் தணிக்க நாம் செய்யும் வேலைகள் சில வேடிக்கையானவை. கையால் முழுக்கக் கழுவிவிட்டு அதையே மெஷினில் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சம் மீதியை வழித்துக் கொட்டினால் போதும். மெஷின் நிறைந்த பிறகு ஓட்டுங்கள். 'ஈகோ' (Eco) என்ற சிக்கன முறையில் நேரம் அதிகம் ஆகும், ஆனால் தண்ணீரும் மின்சாரமும் குறையும். துணி மெஷினில் மின்சாரம் பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. சாதாரண அழுக்குக்கு 30 டிகிரி போதும். டிரையர் இருந்தால் ஒவ்வொரு முறையும் வடிகட்டியில் சேரும் பஞ்சை எடுத்துவிடுங்கள். சோம்பல்பட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

அடுத்து, சம்பளம் வந்த வேகத்தில் வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கி அனுப்பத் தோன்றும். பொறுங்கள். நான் கேட்காமல் அனுப்பிய வாஷிங் மெஷின் ஆறு மாதம் துணி போர்த்தி மேசையாக நின்றது. குழாயில் தண்ணீர் அழுத்தம் போதவில்லை. அதைவிட, அந்தப் பொத்தான்களைப் பார்த்தே அம்மாவுக்குப் பயம். வாங்குவதற்கு முன் அழுத்தம் எப்படி, எர்த் இணைப்புள்ள பிளக் இருக்கிறதா, கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் வருவாரா என்று கேளுங்கள். குனிய முடியாதவர்களுக்கு மேலே திறப்பது நல்லது. தண்ணீர் தட்டுப்பாடு என்றால் முன்பக்கம் திறப்பது குறைவாகக் குடிக்கும். பிறகு நேரில் போனபோது அம்மா வழக்கமாகத் துவைக்கும் துணிக்கு ஏற்ற ஒரே நிலையில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தேன். "இங்கே திருப்பு, அப்புறம் இதை அழுத்து." அவ்வளவுதான் பயிற்சி.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் உறுத்தல் எல்லாம் அம்மாவோடு நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அக்காவை நினைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. எனக்கு அங்கேயும் சுகம் இருந்தது, அது அவர் கைகளால் வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. பாத்திரம் கழுவும் மெஷினுக்கு 1886-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜோசஃபின் காக்ரன் என்ற பெண். வேலையாட்கள் கழுவும்போது பீங்கான் தட்டுகள் உடைபட்டதால்தான் அதில் இறங்கினார் என்பார்கள். கவலை தட்டைப் பற்றி; கையைப் பற்றி அல்ல.

ஆகவே, பெற்றோர் வீட்டில் வேலைக்கு ஒருவர் வருகிறார் என்றால், நீங்கள் அனுப்பும் மெஷின் அவர் வருமானத்தைப் பறிக்கிறதா என்று பாருங்கள். வேலை குறையட்டும், சம்பளம் குறைய வேண்டாம் என்று வீட்டில் பேசுங்கள். வீட்டுப் பணியாளர்களுக்கு வாரத்தில் குறைந்தது 24 மணி நேரம் தொடர் ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் கொண்டுவந்த உடன்படிக்கை சொல்கிறது. எங்கள் வீட்டில் ஞாயிறு விடுமுறைக்கே இரண்டு மாதம் வாதாட வேண்டியிருந்தது. தூரத்தில் இருந்துகொண்டு உபதேசமா என்று அப்பா கேட்டார். கேட்டதில் நியாயமும் இருந்தது. விடுமுறைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் இப்போது என் பொறுப்பு.

அம்மா மெஷினை ஓட்டுகிறார். சட்டைக் காலரை மட்டும் கையால் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போடுகிறார். அதைப் பற்றி வாதாடுவதை விட்டுவிட்டேன்.