பற்றரி எச்சரிக்கை வந்தால் பயோஸைக் கடைசியாகத் தொடுங்கள்

போன வருடம் மூதூரிலிருந்து ஒரு ரீச்சர் மகனின் லப்டொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு திருகோணமலை உவர்மலையில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, பற்றரியை மாத்தச் சொல்லி எழுத்து வந்தது. பெடியன் ஏதோ அப்டேட் போட்டவன். இப்ப லைற் மட்டும் எரியுது, படம் வரேல்ல."

எச்சரிக்கையோடு, மெஷினை எழுப்புகிற அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பிக்கச் சொல்லியும் ஒரு வரி வந்திருக்கிறது. பெடியன் கோப்பை இறக்கி ஓட்டினால், பற்றரி போதாது என்று அது மறுத்துவிட்டது. அந்தச் சோதனையைத் தாண்டுகிற குறுக்குவழி ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறான். பாதியில் கரண்ட் போனது. நல்ல பற்றரி என்றால் தாங்கியிருக்கும். இது சாஜரைக் கழற்றிய கணமே அணைகிற பற்றரி. பயோஸ் இருக்கிற சிப்புக்கு எட்டுக் கால். சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. அதைச் சுடுகாற்றால் கழற்றி, வெளியே வைத்து எழுதி, திரும்ப ஈயம் வைக்க எனக்கு ஒரு பகல் போனது.

கரண்ட் போனால் தாங்குவதற்கு லப்டொப்புக்குள் இருக்கிற ஒரே யூபிஎஸ் அதன் பற்றரிதான். அதைச் சரிபார்க்காமல் பயோஸில் கைவைக்கவே கூடாது.

முதலில் சாஜரைப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில் உப்புக்காற்று சாஜர் முனையில் பச்சையாகப் படியும். போன் லைற்றை அடித்து முனைக்குள் பாருங்கள். சில வட்ட முனைகளின் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அந்த ஊசிதான் "நான் இன்ன வாற்று சாஜர்" என்று லப்டொப்புக்குச் சொல்வது. அது வளைந்தால் மெஷின் ஓடும், பற்றரி ஏறாது. சாஜரை அடையாளம் தெரியவில்லை என்று எழுத்து வரும். இதற்காகப் பற்றரி வாங்கிப் போட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். டைப்-சி என்றால் 65 வாற்று கேட்கிற மெஷினுக்கு சாதாரண போன் சாஜர் காணாது. மல்ரிபிளக்கை விட்டுவிட்டு நேரே சுவர்ப் பிளக்கில் போட்டும் பாருங்கள்.

80 சதவீதத்தில் ஏற்றம் நின்றால் பயப்பட வேண்டாம். பற்றரியைக் காக்க அப்படி ஒரு வரம்பு பல மெஷின்களில் உண்டு. கச்சான் காற்று மாதங்களில் நாள் முழுக்க சாஜரில் கிடக்கிற மெஷினுக்கு அதை நானே போட்டுவிடுவேன். சூட்டில் 100 சதவீதத்திலேயே கிடப்பதுதான் லித்தியம் பற்றரியைச் சீக்கிரம் தின்பது.

சாஜர் சரி என்றால் மெஷினை முழுதாக அணைத்து, சாஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். அடியில் ரீசெற் செய்கிற ஊசித்துளை இருந்தால் அதையும் ஒருதரம் அழுத்துங்கள். குழம்பிப்போன சாஜிங் சில நேரம் இதிலேயே திரும்பிவிடும்.

இனிக் கணக்கு. விண்டோஸில் கட்டளை எழுதுகிற பெட்டியான கொமாண்ட் புரொம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி சேர்த்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு பற்றரி ரிப்போர்ட் என்று ஒட்டி எழுதி என்ரர் தட்டுங்கள். அறிக்கை எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்று அதுவே காட்டும். அதில் இரண்டு எண்தான் முக்கியம்: புதிதாக இருந்தபோது கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறினால் எவ்வளவு. ரீச்சரின் மெஷினில் புதிதில் 41,040 மில்லிவாற்று-மணி, இப்போது 15,200. அதாவது 37 சதவீதம். பாதிக்குக் கீழே இறங்கினால் மாற்றச் சொல்வேன்.

டச்பாட் மேலே தள்ளி நின்றாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பற்றரி வீங்கியிருக்கக்கூடும். உடனே அணையுங்கள், சாஜ் போடாதீர்கள், குத்தவோ அமத்தவோ வேண்டாம்.

பற்றரி நலம் என்றால்தான் பயோஸ். உங்கள் மொடல் எண்ணுக்குரிய கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். டிஸ்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கர் போட்டிருந்தால் முதலில் இடைநிறுத்துங்கள்; அதன் 48 இலக்கச் சாவியைக் கொப்பியில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் முடிந்ததும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும். பற்றரி பாதிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும், சாஜரும் செருகியபடி. வாடை மழையில் இடி முழங்குகிற மாலைகளில் தொடாதீர்கள். கரண்ட் சொல்லிவிட்டுப் போவதில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகலில் நாடு முழுக்கப் போனதே.

ஓடும்போது திரை கறுக்கும், விசிறி இரையும், இரண்டு மூன்று தரம் தானே அணைந்து எழும்பும். தொடாமல் இருங்கள். ஒரு மணி நேரம் போயும் படம் வராவிட்டால், எச்பியில் விண்டோஸ் விசையையும் பி-யையும் (ஏ, பி, சியில் வருகிற பி) பிடித்தபடி பவர் பட்டனை இரண்டு மூன்று செக்கன் அழுத்துங்கள். டெல்லில் கன்ட்ரோலையும் எஸ்கேப்பையும் பிடித்தபடி சாஜரைச் செருகுங்கள். பல மொடல்களில் மீட்புத்திரை வரும். அதுவும் வராவிட்டால், மதர்போர்ட் முழுக்கப் போய்விட்டது என்று சொல்கிறவருக்குக் காசு கொடுக்க முதல், அந்த எட்டுக்கால் சிப்பை எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.