ஒழுக்கின் சமன்பாட்டைக் காணும் முறை

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் மாணவர் பலர், ஒழுக்குக் கணக்கை, அதாவது ஒரு நிபந்தனைக்கு அமைய அசையும் புள்ளியின் பாதையைக் காணும் கணக்கைக் கண்டதும் விடை வட்டமா நேர்கோடா என்று ஊகிக்க முற்படுகின்றனர். ஊகம் தேவையில்லை. அசையும் புள்ளியை (எக்ஸ், வை) என எடுத்து, அது எப்போதும் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனையை முதலில் ஒரே வாக்கியமாக எழுதி, பின்னர் அவ்வாக்கியத்தைத் தூரத்தாலோ படித்திறனாலோ (கோட்டின் சரிவாலோ) சமன்பாடாக்கினால் வளைகோடு தானாகவே வெளிப்படும்.

தோட்டமொன்றில் லயத்தின் (தொழிலாளரின் வரிசை வீடுகளின்) ஒரு மூலை உற்பத்தியிலும், அதாவது (0, 0) இலும், தண்ணீர்ப் பீலி (6, 0) இலும் இருப்பதாகவும், சுற்றியுள்ள நிலம் தட்டையானது என்றும் கொள்வோம். (மலையகத்தில் அத்தகைய நிலம் அரிதுதான்.) லயத்து மூலைக்குள்ள தூரம் பீலிக்குள்ள தூரத்தின் இருமடங்காகவே இருக்குமாறு ஒருவர் நடந்தால் அவருடைய பாதை யாது?

வர்க்கமூலங்களைச் சுமந்துகொண்டு சுருக்க முயல்வது வீண் வேலை. இருபுறமும் தூரங்கள், அதாவது மறையாக இருக்க முடியாத கணியங்கள் என்பதால், உடனே வர்க்கித்தாலும் பொருந்தாத புள்ளி எதுவும் உட்புகாது.

எக்ஸ்² + வை² = 4[(எக்ஸ் − 6)² + வை²]

இதைச் சுருக்கினால் எக்ஸ்² + வை² − 16எக்ஸ் + 48 = 0 எனவும், வர்க்கத்தைப் பூர்த்தியாக்கினால் (எக்ஸ் − 8)² + வை² = 16 எனவும் வரும். எனவே ஒழுக்கு, (8, 0) ஐ மையமாகவும் 4 ஐ ஆரையாகவும் கொண்ட வட்டம். அப்பலோனியசின் வட்டம் எனப்படுவது இதுவே. (4, 0) இல் தூரங்கள் 4, 2. (12, 0) இல் 12, 6. இவ்வாறு இரண்டொரு புள்ளிகளை நிபந்தனையிலேயே இட்டுப் பார்ப்பது, விடையைச் சரிபார்க்க மிக விரைவான வழியாகும்.

நிபந்தனை நேரடியாகத் தரப்படாதபோது பரமானங்கள், அதாவது இடையில் எடுத்துப் பின்னர் நீக்கிவிடும் துணை மாறிகள், வேண்டும். 4 மீற்றர் நீளமான ஏணியொன்று நிலைக்குத்தான சுவரில் சாய்ந்து வழுக்குகையில் அதன் நடுப்புள்ளியின் ஒழுக்கைக் காண்பதாயின், நிலத்தையும் சுவரையும் அச்சுகளாக எடுத்து, அடியை (ஏ, 0) எனவும் உச்சியை (0, பி) எனவும் கொள்க. ஏ² + பி² = 16. நடுப்புள்ளிக்கு ஏ = 2எக்ஸ், பி = 2வை; பிரதியிட, எக்ஸ்² + வை² = 4.

இங்கே பலர் முழு வட்டத்தையும் விடையாக எழுதிவிடுகின்றனர். ஏணி சுவரைத் துளைத்து அப்பால் செல்லாது. ஆகவே எக்ஸ், வை இரண்டும் மறையல்லாத கால்வட்டமே ஒழுக்கு, அதன் முனைகள் (0, 2), (2, 0). நடுப்புள்ளிக்குப் பதிலாக அடியிலிருந்து 1 மீற்றரில் உள்ள படியை எடுத்தால், இதே முறையில் எக்ஸ்²/9 + வை² = 1 என்னும் நீள்வளையத்தின் காற்பகுதி கிடைக்கும்.